ஃப்ரெட் தேய்ந்த இடம்

பழுதுக்கு வந்த கிதாரை மேசையில் கிடத்தியதும் கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு ஃப்ரெட்டுகளை, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளைத்தான், பார்ப்பேன். கொண்டுவந்தவர் சொல்வதையும் காதில் வாங்கிக்கொள்வேன்; நம்புவது ஃப்ரெட்டை. சர்ச்சில் பாட்டுக்குக் கார்ட் பிடிக்கிறவருடைய கிதாரில் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில், கம்பிக்கு நேர் கீழே, சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும். ராக், ப்ளூஸ் பக்கம் போனவருடையதில் தேய்மானம் மேலே ஏறிவிடும். பத்தாவது ஃப்ரெட்டுக்கு மேல், மெல்லிய மூன்று கம்பிகளை அவர் பக்கவாட்டில் இழுத்து இழுத்ததில் ஃப்ரெட்டின் தலையே அகலமாகச் சீவப்பட்டிருக்கும். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்து அலமாரிமேல் கிடந்த கிதார் என்றால் தேய்மானமே இருக்காது, ஃப்ரெட்டில் பச்சை பூத்திருக்கும். "தினமும் ரெண்டு மணி நேரம் வாசிக்கிறேன்" என்று சொல்கிறவர்களும் அவர்கள்தான்.

இன்னொரு வகைத் தேய்மானம் உண்டு. புனேயில் அதை அபூர்வமாகத்தான் பார்ப்பேன். ஒரு கம்பியின் கீழே மட்டும், அடியிலிருந்து மேல்வரை எல்லா ஃப்ரெட்டும் ஒரே சீராக மழுங்கியிருக்கும். பக்கத்துக் கம்பிகளின் கீழே புதுசாக மின்னும். கிதாரின் சொந்தக்காரர் அந்த ஒரே கம்பியில் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே இருக்கிறார் என்று அர்த்தம். என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டால் கர்நாடக சங்கீதம் என்பார். அடுத்த வாக்கியத்தில் பிரசன்னாவின் பெயர் வரும்.

ஆர். பிரசன்னாவின் கிதார் என் மேசைக்கு வந்ததில்லை. அவரைப் போல வாசிக்க ஆசைப்பட்டவர்களின் கிதார்கள் வந்திருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யப் போய்த்தான் அந்த மனிதர் செய்கிற காரியம் எவ்வளவு கடினமானது என்று எனக்குப் புரிந்தது. காதால் மட்டும் கேட்டிருந்தால் நானும் "அருமை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

நான் புனேயின் கட்கியில் பிறந்தவன். அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வட ஆர்க்காட்டிலிருந்து வேலைக்கு வந்து கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும், இழுக்கும்போது தூக்கிவிடு, இல்லையென்றால் பல் மழுங்கும் என்பார். கிதாரைக் கற்றுக்கொடுத்தவர் கேம்ப் பகுதியில் இருந்த ஒரு கோவாக்காரர். ஒரு காலத்தில் பம்பாய் ஓட்டல்களில் டான்ஸ் பேண்டில் வாசித்தவர். எல்லோருக்கும் அவர் அங்கிள், எனக்கும் அங்கிள். வாசிப்பில் நான் தேறமாட்டேன் என்று கண்டுகொண்டதும் கையில் சால்டரிங் அயர்னைக் கொடுத்துவிட்டார். புத்வார் பேட்டில் தப்கீர் கல்லியில் எந்தக் கடையில் நல்ல கெப்பாசிட்டர் கிடைக்கும், எந்தக் கடையில் பழைய சரக்கைப் புது டப்பாவில் போட்டுத் தருவான் என்பதெல்லாம் அவர் கொடுத்த சொத்து.

இந்த ஊரில் கிதார் வைத்தியனுக்கு வேலை கொடுப்பது பாட்டுக்காரர்களைவிட வானிலைதான். மார்ச்சிலிருந்து மே வரை காற்றில் ஈரமே இருக்காது. கழுத்துமரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு வாசிக்கிறவன் விரலைக் கிழிக்கும். ஜூனில் மழை பிடித்தால் அக்கூஸ்டிக் கிதாருக்கெல்லாம் வயிறு உப்பி, கம்பி உயர்ந்து, அழுத்த முடியாது. ஒரே கிதார் ஏப்ரலில் ஒரு நோயோடும் ஆகஸ்டில் இன்னொரு நோயோடும் வரும். சொந்தக்காரர் இரண்டு தடவையும் போனதரம் நான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு வருவார்.

பிரசன்னாவை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் ஒரு எஞ்சினியரிங் கல்லூரிப் பையன், மதுரைக்காரன். வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தான். வேலை முடிந்து சோதித்துப் பார்க்கும்போது, "அண்ணே, உங்க பாட்டையே போட்டுக்கிட்டு இருக்கீங்களே, இதக் கொஞ்சம் கேளுங்க" என்று ஒரு சிடியைப் போட்டான். 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்', 2006இல் வந்த ஆல்பம். ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1968ஆம் வருட 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' பெயரைச் செல்லமாகத் திருப்பிப் போட்டு அவருக்குச் செலுத்திய காணிக்கை. உள்ளே தென்னிந்தியத் தாள வாத்தியங்கள், மேலே கரகரவென்று டிஸ்டார்ஷன் ஏற்றிய எலெக்ட்ரிக் கிதார். ஒரு பாட்டின் தலைப்பில் திருவல்லிக்கேணி இருந்தது. இந்த ஆள் வம்புக்காரர் என்று தோன்றியது. பிடித்துப்போனது.

பிரசன்னா ராணிப்பேட்டையில் வளர்ந்தவர், எங்கள் அப்பா ஊர்ப்பக்கம். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் எஞ்சினியரிங் படித்துவிட்டு அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனவர். கர்நாடக சங்கீதத்தைத் திருவாரூர் பாலசுப்ரமணியத்திடமும் வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடமும் கற்றார். ஒருவர் பாடகர், இன்னொருவர் வில் போட்டு வாசிப்பவர். இரண்டு பேருக்குமே ஃப்ரெட் கிடையாது. இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. எலெக்ட்ரிக் கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசித்தவர்களில் அவர் முதல் ஆள் கிடையாது. சுகுமார் பிரசாத் சென்னையில் அதை முன்பே செய்து காட்டியிருந்தார். மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரசன்னாவிடம் கூடுதலாக இருப்பது ராக் கிதாரின் சத்தம். அதை ஒளித்து வைக்காமல், வேண்டிய இடத்தில் அப்படியே கொட்டுகிறார். கச்சேரிக்கு உட்கார்ந்தால் மரியாதையான ஒரு டோன், ஹென்ட்ரிக்ஸுக்கு எழுந்தால் இன்னொன்று. கமகம் இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தக் கமகம்தான் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிதாரில் ஒரு கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை சட்ஜமாக வைத்தால் சுத்த ரிஷபம் ஆறில், சாதாரண காந்தாரம் எட்டில், சுத்த மத்திமம் பத்தில். எட்டில் விரலை வைத்து மீட்டினால் கணக்குப்படி காந்தாரம் வரும், தோடி வராது. தோடியில் அந்த ஸ்வரம் எட்டில் நிற்பதே இல்லை. ரிஷபத்தை ஒட்டித் தொடங்கி மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் அப்பாவிடம் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி கேசட்டில் இருந்தது. விடுமுறை நாளில் அதைப் போட்டுவிட்டுத்தான் சைக்கிளுக்கு எண்ணெய் விடுவார். அதனால் சங்கீதம் படிக்காத எனக்கும் காந்தாரம் தப்பினால் தெரியும்.

இப்போது அதைக் கிதாரில் கொண்டுவர இரண்டு வழி. ஒன்று, ஆறாவது ஃப்ரெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது, வீணைக்காரர்கள் செய்வதைப் போல. கம்பியின் சுருதி ஏற வேண்டுமானால் அதன் இழுவை, சுருதி விகிதத்தின் வர்க்கமாக ஏற வேண்டும். ஒரு முழு ஸ்வரம் ஏற்றவே கால் பங்கு கூடுதல் இழுவை தேவை. ஆறிலிருந்து பத்தின் சுருதிக்கு ஏற்ற வேண்டுமானால் ஏறக்குறைய அறுபது சதவீதம். 25.5 அங்குல நீளக் கிதாரில் மெல்லிய கம்பி, பத்து கேஜ், நின்ற நிலையில் ஏழு கிலோவுக்குச் சற்று மேல் இழுத்துக்கொண்டிருக்கும். மத்திமத்தைத் தொட அதைப் பதினொரு கிலோவுக்கு மேல் கொண்டுபோக வேண்டும், அதுவும் இரண்டு விரலால், திரும்பத் திரும்ப, தாளம் தவறாமல். வீணையில் மெழுகின்மேல் மெட்டுகள் உயரமாக நிற்கும், கம்பிக்கு அடியில் விரல் இறங்க இடம் உண்டு. கிதாரில் விரல் பலகையில் மோதிவிடும். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் தன் சக்தி இசைக்குழுவுக்காகச் செய்வித்துக்கொண்ட கிதாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே பலகையைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். அது இந்தச் சிக்கலுக்கு ஒரு தச்சு வேலைத் தீர்வு.

இரண்டாவது வழி, ஆறிலிருந்து பத்துக்கு விரலை வழுக்கிக்கொண்டு போய்த் திரும்புவது. கை வலிக்காது. ஆனால் வழியில் ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று ஃப்ரெட் இருக்கிறது. ஒவ்வொன்றும் படி. மெதுவாகப் போனால் படிச் சத்தம் கேட்கும், வேகமாகப் போனால் காந்தாரம் காணாமல் போகும். படிகள் தெரியாமல் ஏறி இறங்க விரலின் அழுத்தம் போகிற வழியிலேயே கூடிக் குறைய வேண்டும். பிரசன்னாவின் வாசிப்பில் வழுக்கலையும் இழுப்பையும் பிரித்துச் சொல்ல எனக்குப் பல இடங்களில் முடியவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் விரல் வழுக்குவதை நிறுத்தி இழுக்க ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டியது என் தொழில் சார்ந்த கௌரவம். சொல்ல முடியவில்லை. அவர் வேகமாக வாசிக்கிற இடங்கள் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. வேகம் பயிற்சியில் வரும், இந்த ஊரில் பதினேழு வயதுப் பிள்ளைகள் அதைவிட வேகமாக வாசிக்கிறார்கள். மெதுவாக வாசிக்கும்போது படி தெரியாமல் இருப்பதுதான் அசுர சாதகம்.

டிஸ்டார்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி நம் சபா ரசிகர்களுக்கு ஒரு அருவருப்பு உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு அந்தக் கரகரப்பு ஆகாது என்பார்கள். எனக்குத் தோன்றுவது நேர்மாறாக: மேற்கத்திய இசையைவிட நம் இசைக்குத்தான் அது கூடுதலாகப் பொருந்துகிறது.

காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரை அது தாங்குகிற அளவுக்கு மேல் தள்ளினால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படும். உச்சி வெட்டுப்பட்டால், மீட்டிய கணத்தின் பெரிய சத்தமும் பிறகு தேய்கிற சின்னச் சத்தமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். ஸ்வரம் நீளும், கூடவே மேல்ஸ்தாயி அனுஸ்வரங்கள் முளைக்கும். வீணையில் நீண்ட கமகத்தின் நடுவிலேயே நாதம் மெலிந்துவிடுவதால் மறுபடி மீட்ட வேண்டியிருக்கும். நாகஸ்வரத்துக்கு அந்தக் கவலை இல்லை, மூச்சு இருக்கும்வரை சத்தம் நிற்கும். சுத்தமான டோனில் கிதார் வீணை சாதி. டிஸ்டார்ஷன் ஏற்றினால் அது நாகஸ்வரத்தின் பக்கம் போய்விடுகிறது. ராஜரத்தினம் பிள்ளை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் கரகரப்பில் சீவாளியின் சாயல் கேட்கும். எனக்குக் கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. வெட்டுப்பட்ட அலையில் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து அனுப்பினால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சத்தங்கள் பிறக்கும். பெரும்பாலும் அவை மூல ஸ்வரங்களோடு ஒட்டாது, சேறாகிவிடும். அதனால்தான் ராக் கிதார்காரர்கள் முழுக் கார்டை விட்டுவிட்டு 'பவர் கார்ட்' பிடிக்கிறார்கள். அதில் இருப்பது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். இரண்டுக்கும் விகிதம் இரண்டுக்கு மூன்று. கழித்தால் வரும் ஒன்று, கீழ்ஸ்தாயி சட்ஜம். சேறு இல்லை, அடித்தளம் கூடுகிறது. ஹெவி மெட்டலின் உறுமலும் தம்புராவின் ச-பவும் ஒரே கணக்கில் நிற்கின்றன. நம் ராகமோ ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரமாகப் போகிற சங்கீதம். டிஸ்டார்ஷனில் கலங்க அங்கே இரண்டாவது ஸ்வரமே கிடையாது. ராக்காரர்கள் தனி வாசிப்புக்கு மட்டும் அனுபவிக்கிற சுகத்தை ராகம் வாசிக்கிறவர் ஆலாபனை முழுக்க அனுபவிக்கலாம்.

வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தவர் ஒருவர் இருந்தார், ஜெஃப் பெக். இங்கிலாந்துக்காரர், 2023 ஜனவரி 10இல் 78 வயதில் இறந்தார். இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் 'நாடியா' என்ற பாட்டை 2001இல் வந்த தன் ஆல்பத்தில் அவர் கிதாரில் வாசித்தார். ஓர் இந்தியப் பெண் குரல் பாடியதன் அசைவுகளை அப்படியே கொண்டுவர வேண்டும். கம்பியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், மேலிருந்து கீழே தொங்கி ஆடுகிற அசைவுக்கு முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டு மீட்டித் தளர்த்த வேண்டும். பெக் அந்த வேலையை ட்ரெமலோ கம்பியிடம் கொடுத்தார், கம்பிகளின் கால்மாட்டைத் தாங்கும் பிரிட்ஜில் செருகியிருக்கும் கைப்பிடி அது. பிரிட்ஜைப் பலகையில் படியவிடாமல் மிதக்கவிட்டால் அந்தக் கம்பியால் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். பிக் பிடிக்கமாட்டார், கட்டைவிரலால் மீட்டுவார். ட்ரெமலோ கம்பி உள்ளங்கையில் இருக்கும், சுண்டுவிரல் வால்யூம் குமிழில் இருக்கும். மீட்டிய கணத்தின் அடியை வால்யூமை மூடி மறைத்துவிட்டு உடனே திறந்தால் ஸ்வரம் தொடக்கமே இல்லாமல் பிறக்கும், பாடகர் 'அ'காரத்தில் எடுப்பதைப் போல.

பெக்கின் வாசிப்பைக் கேட்டு ஜனங்கள் கண்ணீர் விடுவார்கள். எனக்கு அவருடைய நட்டின்மேல்தான் பொறாமை. நட் என்றால் கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் படிந்து போகிற சின்னப் பட்டை. ட்ரெமலோவை அத்தனை முறை ஆட்டியும் கம்பி ஒவ்வொரு தடவையும் அதே சுருதிக்குத் திரும்ப வேண்டும். நட்டின் வெட்டில் கம்பி தலைமயிர் அளவு சிக்கினாலும் திரும்பாது. அவர் கம்பிகள் உருளைகளின்மேல் ஓடுகிற நட் வைத்திருந்தார். மிதக்கும் பிரிட்ஜுக்கு விலையும் உண்டு: ஒரு கம்பியை விரலால் இழுத்தால் பிரிட்ஜ் அசைந்து மற்ற ஐந்தும் இறங்கிவிடும், ஒரு கம்பி அறுந்தால் கச்சேரியே கோணலாகிவிடும். கச்சேரியில் சுருதி சுத்தம் கேட்கிற நம்மவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

டோன் என்று கிதார்காரர்கள் சொல்வதை மகாராஷ்டிரத்தில் வேறு கூட்டம் வேறு விதமாக வளர்த்து வைத்திருக்கிறது. புனேயில் பாடுகிறவர்களின் தம்புராக்கள் பெரும்பாலும் மிரஜில் பிறந்தவை. மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜவாரி போடுகிற ஒருவரிடம் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குதிரையின் மேற்பரப்பை அரத்தால் தடவித் தடவி, கம்பி அதை உரசியும் உரசாமலும் போகிற வளைவைக் கொண்டுவருவார். அந்த உரசலில்தான் தம்புராவின் ரீங்காரம். என் தொழிலில் கம்பி உரசினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அவர் கூலி வாங்கிக்கொண்டு உரச வைக்கிறார், நான் கூலி வாங்கிக்கொண்டு உரசலை எடுக்கிறேன். இருவர் கையிலும் அரம் ஒன்றுதான். அவர் வேலை செய்யும்போது கருவியால் எதையும் அளக்கவில்லை. ஒரு தள்ளு, ஒரு மீட்டு, கேட்பது, மறுபடி ஒரு தள்ளு. இடைவெளி அளக்கும் என் ஃபீலர் கேஜைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மதுரைப் பையனை விட்டுவிட்டேன். படிப்பை முடித்து ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் வந்ததும் ஃபுட் பெடல்கள் வாங்கி ஒரு பலகை நிறைய அடுக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, அவர் டோன் வேணும். எதை எதோட கனெக்ட் பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க."

பெடல் பலகையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுக் கிதாரைக் கேட்டேன். பழைய மாதிரி வளைவு கொண்ட கழுத்து, 7.25 அங்குல ஆரம். அந்த வளைவில் கார்ட் பிடிக்கக் கைக்கு இதமாக இருக்கும். கம்பியை இழுத்தால் அது வளைவின் உச்சிக்கு ஏறி அடுத்த ஃப்ரெட்டில் முட்டிச் செத்துப்போகும். தோடி காந்தாரம் அங்கே எப்படிப் பிழைக்கும்? மேல் ஃப்ரெட்டுகளின் நடுவைச் சீவி ஆரத்தைப் பெரிதாக்கினேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 1.6 மில்லிமீட்டர் இருந்த கம்பியின் உயரத்தை இரண்டுக்குக் கொண்டுபோனேன். அதற்கு முகம் சுளித்தான். ராக்காரர்கள் எல்லோருக்கும் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். விரலின் சதை கம்பிக்கு அடியில் இறங்கினால்தான் தம்பி இழுக்க முடியும் என்றேன். பிளாஸ்டிக் நட்டை எடுத்துவிட்டு எலும்பு நட் போட்டு, வெட்டுகளைக் கம்பியின் கனத்துக்கு அராவி, பென்சில் கரியைத் தடவினேன். ஃப்ரெட்டுகளை உப்புத்தாள் எண்களை ஏற்றிக்கொண்டே போய்க் கண்ணாடியாக்கினேன், படிகள் கொஞ்சமாவது அடங்கட்டும் என்று. உள்ளே வால்யூம் குமிழில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர், வால்யூமைக் குறைத்தாலும் சத்தம் மந்தமாகாமல் இருக்க. பெடலில் டிஸ்டார்ஷனைப் பாதியாக்கு, கிதாரின் வால்யூமை ஏழில் வை, ஓங்க வேண்டிய இடத்தில் மட்டும் பத்துக்குப் போ என்றேன்.

வாசித்துப் பார்த்தான். சத்தம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. காந்தாரம் வரவில்லை. அது என் கையில் இல்லை. ராஸ்தா பேட்டில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு மாமி இருக்கிறார், அவரிடம் போ என்றேன். "நான் பாடப் போறதில்லையேண்ணே" என்றான். பிரசன்னாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று மறுபடி ஞாபகப்படுத்தினேன். போனான். சரளி வரிசையில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான் என்று மாமியே போனில் சொல்லிச் சிரித்தார். கிதாரைக் கொண்டுவரக் கூடாது என்று ஆரம்பத்திலேயே கண்டிஷன் போட்டுவிட்டாராம்.

குளிர்காலத்தில் புனேக்கு இரட்டை வாழ்க்கை. ஒரு பக்கம் சவாய் கந்தர்வ விழா. பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953இல் தொடங்கியது. ஷால் போர்த்திக்கொண்டு பெரியவர்கள் ராத்திரிப் பனியில் கேட்பார்கள். இன்னொரு பக்கம் 2010 டிசம்பரில் கொரேகாவ் பார்க்கில் தொடங்கிய என்எச்7 வீக்எண்டர், பிள்ளைகள் புழுதியில் குதிக்கிற ராக் விழா. எனக்கு இரண்டு பக்கமும் வேலை வரும். முதல் கூட்டத்திலிருந்து தம்புராவின் எலெக்ட்ரானிக் பெட்டிகள், இரண்டாவது கூட்டத்திலிருந்து மேடை ஏறுவதற்கு முந்தின ராத்திரி கம்பி அறுந்த கிதார்கள். ஒரு கூட்டம் மற்றதை எட்டிப் பார்க்காது. புனேயின் அக்னி இசைக்குழு ஓரளவு இந்த வேலியைத் தாண்டியது. அதில் பாடுகிற மோகன் கண்ணன் நம்மவர். மற்றபடி வேலி வேலியாகவே இருக்கிறது. பிரசன்னா மாதிரி ஒருவரை இந்த இரண்டு மேடைகளில் எதில் ஏற்றுவது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சவாயில் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். வீக்எண்டரில் ஆலாபனை முடிவதற்குள் பீர் வாங்கப் போய்விடுவார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே விழாவில் சேர்ந்ததும் உண்டு: 1967இல் கலிஃபோர்னியாவில் மாண்டரே விழாவில் சிதார் மேதை ரவிசங்கரும் வாசித்தார், ஹென்ட்ரிக்ஸும் வாசித்தார். ஹென்ட்ரிக்ஸ் கடைசியில் கிதாருக்குத் தீ வைத்தார். வாத்தியத்தை அப்படிச் செய்ததை ரவிசங்கரால் பொறுக்க முடியவில்லை. இந்த விஷயத்தில் நான் ரவிசங்கர் கட்சி. மகாராஷ்டிரத்தில் கண்டே நவமி, நமக்கு ஆயுத பூஜை. அன்று என் மேசையில் அரத்துக்கும் சால்டரிங் அயர்னுக்கும் பழுதுக்கு வந்து கிடக்கிற கிதார்களுக்கும் சேர்த்தே பொட்டு வைப்பேன். சொந்தக்காரர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தாலும், மெட்டல் வாசிக்கிற நாத்திகர்களாக இருந்தாலும், குங்குமம் துடைக்காமல்தான் வாங்கிப் போகிறார்கள். தீ வைத்த அதே ஹென்ட்ரிக்ஸ் வலதுகைக் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து இடதுகையால் வாசித்தவர். கம்பிகளின் கீழே சாய்வாக இருந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் அதனால் எதிர்ச்சாய்வாகி, தடித்த கம்பிகளுக்குக் கூர்மையும் மெல்லிய கம்பிகளுக்குக் கனமும் கூடியது. அந்த டோனில் பாதி இப்படி வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் விரலைக் கணக்கில் சேர்க்காதவர்கள்.

மதுரைப் பையன் போன மாதம் கிதாரை மறுபடி கொண்டுவந்தான். ஃப்ரெட்டுகளைப் பார்த்தேன். மேலிருந்து இரண்டாவது கம்பியின் கீழே, மூன்றிலிருந்து பதினைந்து வரை, எல்லாமே மழுங்கியிருந்தன. அந்த ஒரு வரிசைக்காக மொத்தத்தையும் மாற்றியாக வேண்டும். நிக்கல் கலந்த வழக்கமான ஃப்ரெட்டையே போடலாம், எனக்கு வேலை சுலபம். இந்த வேகத்தில் தேய்த்தால் மறுபடி சீக்கிரமே வருவான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் தேயாது, வழுக்கலும் இன்னும் சுத்தமாக இருக்கும். ஆனால் அதை வெட்டவும் முனை சீவவும் என் அரங்கள் பாழாகும், சத்தத்தில் ஒரு கண்ணாடித்தன்மை ஏறிவிடுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. மாமியிடம் கேட்டானாம். எது போட்டாலும் காந்தாரம் அசையணும் என்றாராம். ஸ்டீல்தான் என்று அவன் முடிவு செய்துவிட்டான். இரண்டு அரத்தின் விலையையும் சேர்த்துக் கூலி சொல்லியிருக்கிறேன், மழை முடிந்து மரம் அடங்கியதும் போடுவதாக.